வடிவாக் கேட்டது

கமெராவைப் பந்தல் தடியில் வைத்து, அப்பாவின் வலைப்பெட்டிக்குள் கிடந்த நைலோன் நூலால் இறுக்கிக் கட்டினாள் லவீனா. அவர் காட்டிக்கொடுத்த முடிச்சுத்தான்; எந்தக் காற்றுக்கும் அசையாது. லப்ரொப் திரையில் சவப்பெட்டி முழுதாகத் தெரிந்தது. அதற்குள் அப்பா அடைக்கலநாதன், கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாளும் போடாத கோட்டோடு படுத்திருந்தார்.

"கனடாவிலை தெரியுதாமோ பிள்ளை?" பெட்டியருகில் இருந்தபடி அம்மா மக்டலீன் கேட்டாள்.

"தெரியுதாம் அம்மா."

நாலாம் வருஷம் கணினி விஞ்ஞானம் படிக்கிறவள் வீட்டில் இருக்க, செத்தவீட்டு நேரலைக்கு வெளியாளைப் பிடிப்பார்களா? குருநகரில் அவள் படிப்பென்றால் பழுதான போனைத் திருத்துவதும் கிழவிகளுக்கு வட்ஸ்அப் போட்டுக்கொடுப்பதும்தான். உண்மையில் அவளுடைய இறுதியாண்டு ஆய்வு, இணைப்பு மந்தமான இடங்களிலிருந்து குரல் அறுந்துபோகாமல் நேரலை அனுப்புவது எப்படி என்பது. வருகிற செவ்வாய்க்கிழமை வைவா, வாய்மொழிப் பரீட்சை. அப்பாவுக்கு அதை எத்தனையோ தரம் விளக்கியிருக்கிறாள். "அப்ப, ஒராள் கதைச்சால் மற்றாளுக்கு விடாமல் கேக்கும். அதுதானே?" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். அதுதான்.

காலையில் பெரியப்பா எமிலியாம்பிள்ளை கனடாவிலிருந்து தன் இரங்கலுரையை எழுதி அனுப்பியிருந்தார். அப்பாவின் ஒரே தமையன். பிரேதம் எடுக்க முன்னம் தான் பத்து நிமிஷம் பேசவேண்டும், பந்தலில் ஒலிபெருக்கிப் பொக்ஸிலும் கேட்கவேண்டும், வெளிநாட்டுச் சொந்தங்களுக்கும் போகவேண்டும் என்று உத்தரவு. எழுத்துப்பிழை இருந்தால் திருத்திவைக்கட்டாம். இரண்டாம் பக்கத்தில் இப்படி இருந்தது: "என் தம்பி மகளைக் கணினி படிக்க வைத்தவன் நான். நான் அனுப்பிய லப்ரொப்பில் படித்துத்தான் அவள் பட்டதாரியாகப் போகிறாள்."

லவீனா எழுத்துப்பிழை தேடிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

அவளுக்குப் பல்கலைக்கழகம், கம்பஸ் கிடைத்தபோது குடும்பக் குழுவில் இதே பெரியப்பா போட்ட முதல் வார்த்தை, "கொம்பியூட்டர் படிச்சு வலை பின்னப்போறாளோ?" என்பது. கீழே சிரிக்கிற முகங்கள் வரிசையாக விழுந்தன. பிறகு என்ன நினைத்தாரோ, மகனுடைய பழைய லப்ரொப்பைப் பெட்டியில் போட்டுக் கப்பலில் அனுப்பிவிட்டதாகச் சொன்னார். அப்பா நம்பினார். அண்ணை சொன்னால் அந்த மனிதருக்கு அதற்கு மேல் பேச்சில்லை. சனிக்கிழமை தவறாமல் சைக்கிளை உழக்கிக்கொண்டு டவுனில் பொதி வருகிற கந்தோருக்குப் போய், பெட்டி வந்ததா என்று கேட்டுவிட்டு வருவார். எட்டு மாதம் போனார். கடைசியில் அவர் தலைக்கறுப்பைக் கண்டதுமே அங்கிருந்தவர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். லவீனா தாளில் புரோகிராம் எழுதி வைத்துக்கொண்டு, ஆய்வுகூடத்தில் ஒரு கதிரை காலியாகும்வரை வாசலில் நின்றாள். ஒருநாள் அப்பா படகு எஞ்சினை விற்றுவிட்டு லப்ரொப்போடு வந்தார். அதற்குப் பிறகு, இந்த வயதில், கோலூன்றித்தான் கடலுக்குப் போனார். முந்தாநாள் காலை அந்தக் கோலைப் பிடித்தபடியே படகில் சரிந்துபோனார்.

அப்பாவுக்கு எழுத வராது. எல்லாம் குரல் செய்திதான். அவருடைய போனில் பெரியப்பாவுக்கு அனுப்பிய நாற்பத்தொரு செய்திகள் கிடக்கின்றன. "அண்ணை, பெட்டி இன்னும் வரேல்லை, ஒருக்காப் பாருங்கோ." "அண்ணை, பெட்டியை விடுங்கோ. சுகமாயிருக்கிறியளோ?" "அண்ணை, நெஞ்சு ஒரு மாதிரிக் கிடக்கு. ஒருக்காக் கதையுங்கோ." கேட்டுவிட்டால் பக்கத்திலுள்ள மைக் அடையாளம் நீலமாகும் என்று சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். ஏன் சொல்லிக்கொடுத்தோம் என்று பிறகு நொந்துகொண்டாள். நாற்பத்தொன்றும் சாம்பல் நிறமாகவே நின்றன. "அண்ணைக்கு வேலை கூடவாக்கும்" என்பார் அப்பா, போனைத் துடைத்து வைத்துக்கொண்டே.

அந்த அண்ணைக்கு இன்றைக்குப் பத்து நிமிஷம் வேண்டுமாம்.

இரண்டரை மணிக்குப் பெரியப்பா அழைப்பில் வந்தார். அங்கே விடிய ஐந்து மணி. கறுப்புக் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக, வாரிய தலையோடு உட்கார்ந்திருந்தார்.

"எல்லாம் சரியோ பிள்ளை?"

"ஓம் பெரியப்பா. நீங்கள் கதைக்கேக்கை எதிரொலி வரும். அதாலை இங்கத்தைச் சத்தம் உங்களுக்கு வராமல் நிப்பாட்டி வைக்கிறன். படம் மட்டும் தெரியும்."

"கெட்டிக்காரி."

எழுந்து போய், செபம் சொல்ல மைக்கோடு நின்ற கோயில் மூப்பர் சூசைதாசனிடம் சொன்னாள்: "கனடா லைன் கிடைக்கேல்லை மூப்பர். நீங்கள் செபமாலையைத் தொடங்குங்கோ."

"ஐயோ, அந்தாள் பிறகு கோவிக்குமெல்லே?"

"லைன் இல்லாட்டி நாங்கள் என்ன செய்யிறது?"

கோயிலில் பங்குச் சுவாமியார் காத்திருக்கிறார் என்ற அவதி மூப்பருக்கு. தொண்டையைச் செருமித் தொடங்கிவிட்டார். லவீனா மூலை மேசைக்குத் திரும்பி ஒரு காதில் மட்டும் கருவியைச் செருகிக்கொண்டு, வாயைக் கையால் மறைத்துச் சொன்னாள்.

"கதையுங்கோ பெரியப்பா. எல்லாரும் இருக்கினம்."

பந்தலிலும் நேரலையிலும் செபமாலை போய்க்கொண்டிருந்தது. பெரியப்பாவின் திரையில் சத்தமில்லாத படம்: தலைகுனிந்த சனம், கண்ணைத் துடைக்கிற பெண்கள், நடுவில் தம்பி. தன் பேச்சுத்தான் ஊரை உருக்குகிறது என்று எண்ணியிருப்பார். குரல் மேலே மேலே போனது. படிக்க வைத்ததைச் சொன்னார். லப்ரொப் அனுப்பியதை இரண்டு தரம் அழுத்திச் சொன்னார். அவ்வளவும் லவீனாவின் ஒரு காதுக்குள் விழுந்து முடிந்தது. அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அப்பாவின் பிரேதத்தை வைத்துக்கொண்டு, வெட்கமில்லாமல் குளிர்ந்தது.

எட்டாம் நிமிஷம் அவர் தாளைக் கீழே வைத்தார்.

"தம்பி," என்றார். கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டார். "பெட்டியை நான் போடவே இல்லையடா. பிறகு போடுவம், பிறகு போடுவம் எண்டு... அதைச் சொல்ல வெக்கமாக் கிடந்தது. உன்ரை குரலைக் கேக்கவே பயந்துபோனன். என்னை மன்னிச்சுக்கொள்ளடா."

அவளுடைய விரல் விசைக்கு மேல் போய் நின்றது. ஒரு தட்டுத் தட்டினால் பொக்ஸில் வரும். எட்டு மாதம் சிரித்தவர்களுக்கும், அந்தக் குழுவில் பல்லைக் காட்டியவர்களுக்கும் கேட்கும். அப்பா ஏமாளி இல்லை, ஏமாற்றப்பட்டவர் என்று தெரியும். ஆனால் சனம் இந்த மனிதருக்காகவும் அழும். அம்மா முதல் ஆளாக எழும்பிக் கும்பிட்டு மன்னித்துவிடுவாள். அப்பாவுடைய நாளில் கடைசியாக நிற்பது இவருடைய கண்ணீராக இருக்கும்.

விரலை மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

பெரியப்பா முகத்தைத் துடைத்தார். "எல்லாருக்கும் கேட்டதோ பிள்ளை?"

"ஓம் பெரியப்பா. வடிவாக் கேட்டது."

"என்ன சொல்லுகினம்?"

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை."

மூப்பர் சிலுவை அடையாளம் போட, நான்கு பேர் பெட்டியைத் தூக்கினார்கள்.

சேமக்காலையில் அடக்கம் முடிந்து திரும்பி, கால் கழுவி உள்ளே வந்தபோது அவளுடைய போனில் பெரியப்பாவின் தவறிய அழைப்புகள் பதினொன்று. நேரலை பார்த்த யாரோ அதற்குள் சொல்லிவிட்டார்கள். யாரும் சொல்லாதிருந்தால்தான் அவளுக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும். பன்னிரண்டாம் தரமும் அடித்தது.

"ஆரது பிள்ளை?" குசினிக்குள்ளிருந்து அம்மாவின் குரல்.

"ஒருத்தரும் இல்லை அம்மா."

அப்பாவின் போனை எடுத்தாள். திறந்து பார்க்க, மேலே முதலாவது மைக் நீலமாகியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கவே இரண்டாவது. அங்கே அவர் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். பெட்டி வரேல்லை அண்ணை. சுகமோ அண்ணை. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் நேரம் கூடிக்கொண்டு போனது. லவீனா சுவரோடு சாய்ந்து இருந்து, வெளியே பந்தல் கழற்றுகிற சத்தம் அடங்கும்வரை பார்த்தாள். நாற்பத்தொன்றாவதும் நீலமானது.

அதற்குக் கீழே, அப்பாவின் பெயருக்குப் புதிதாக ஒரு குரல் செய்தி வந்து நின்றது. நீளமான செய்தி.

அதைத் தொடாமல் போனைக் கவிழ்த்து, அப்பாவின் வலைப்பெட்டிக்குள் நைலோன் நூற்கட்டைக்குப் பக்கத்தில் வைத்து மூடியைச் சாத்தினாள்.