பெருவிரல் டெர்மினஸ்

டைம்கீப்பர் பஸ் டெப்போவிலிருந்து ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகியிருந்தது. வலது கால் இப்போதுதான் ஓய்வு பெற ஆரம்பித்தது, அதுவும் சொல்லாமல் கொள்ளாமல். முதலில் செருப்பு கழன்று கழன்று விழுந்தது. பிறகு கால் முனை பாய் ஓரத்தில் இடறியது. கடைசியில் பெருவிரல், தூக்கு என்று சொன்னால், யாரையோ சொல்கிறார் என்று சும்மா கிடந்தது.

நரம்பு டாக்டர் ரப்பர் சுத்தியலை மேஜைமேல் வைத்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார்.

"முதுகுத்தண்டுலேருந்து பாதம் வரைக்கும் ஒரே நரம்பு செல்லோட வால் நீண்டுட்டுப் போகுது சார். கிட்டத்தட்ட ஒரு மீட்டர். அதுக்கு வேண்டிய புரதம் பெரும்பாலும் முதுகுப் பக்கம்தான் தயாராகுது. அதைச் சுமந்துட்டுப் போகவே சில புரதங்கள் இருக்கு. தண்டவாளம் மாதிரி ஒரு இழைமேல ரெண்டு கால் வெச்சு நடக்கும். உங்களுக்கு அந்தப் போக்குவரத்து நடுவழியில தேங்குது."

"ஒரு டிரிப்புக்கு எவ்வளவு நேரம்?"

"அவசரச் சரக்குன்னா ரெண்டு மூணு நாள். மெதுவான சரக்கு சிலது ரெண்டு மூணு வருஷம்கூட எடுத்துக்கும்."

டைம்கீப்பர் எழுந்துவிட்டார். "ஒரு மீட்டருக்கு மூணு வருஷமா?" முப்பத்தோரு வருட சர்வீஸில் ஏழு நிமிடத் தாமதத்துக்கு மெமோ கொடுத்த மனிதர் அவர்.

"மூணு வாரம் கழிச்சு வியாழக்கிழமை வாங்க. அப்பவும் விரல் தூக்கலைன்னா படிக்கட்டு கூடவே கூடாது."

அவர் வீடு இரண்டாவது மாடி. முப்பத்து நாலு படி, லிஃப்ட் கிடையாது. படி கூடாது என்றால் ஊரின் மறுகோடியில் தரைத்தளத்தில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போயாக வேண்டும். மாப்பிள்ளை தங்கமான பிள்ளை. அதுதான் சிக்கலே. அங்கே போனால் இருபது நிமிடத்துக்கு ஒருதரம் கதவைத் தட்டி "மாமா, ஏதாவது வேணுமா?" என்று கேட்பார். விஷயம் தெரிந்த அன்றே குளியலறையில் கைப்பிடி பொருத்தி, அதைப் படமெடுத்தும் அனுப்பியிருந்தார்.

அன்று மாலையே டைம்கீப்பர் கார்பன் வைத்து ஓர் உத்தரவு எழுதினார். பெறுநர்: சுமை தூக்கும் புரதங்கள், வலது கால் தடம். பொருள்: தொடர் தாமதம். விளக்கம் தரத் தவறினால் ஒழுங்கு நடவடிக்கை. மடித்து வலது சாக்ஸுக்குள் செருகிக்கொண்டார்.

"என்னங்க அது, சாக்ஸுல?" என்றாள் மனைவி.

"ஆபீஸ் விஷயம்."

ஆறாம் நாள் காலை சாக்ஸைக் கழற்றியபோது பதில் இருந்தது. பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்க முடிந்தது.

'ஐயா, தாமதத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல. எங்களுக்கு இருப்பது இரண்டே கால். ஒன்றைத் தூக்கும்போது மற்றதை ஊன்றியிருக்க வேண்டும், இல்லையேல் விழுந்துவிடுவோம். மூட்டையோ எங்களைவிடப் பன்மடங்கு பெரியது. முழங்கால் அருகே தடம் பெயர்ந்து கிடக்கிறது. அங்கே மேல்நோக்கி வருகிறவர்களும் நாங்களும் எதிரெதிரே முட்டிக்கொண்டு நிற்கிறோம். இப்படிக்கு, கீழ்நோக்கிச் சுமப்போர்.'

பதில் வந்தது டைம்கீப்பருக்கு வியப்பாக இல்லை. கடித எண் போடாமல் அனுப்பியிருந்ததுதான் அவரை உறுத்தியது.

"மேல்நோக்கி யாரு வர்றாங்க?" என்று மனைவியைக் கேட்டார்.

"கழிவை எடுத்துட்டு முதுகுக்குத் திரும்புற கோஷ்டி வேற இருக்குன்னு டாக்டர் சொன்னாங்களே. நீங்கதான் அப்ப அவங்க சுவர்க் கடிகாரம் ரெண்டு நிமிஷம் ஸ்லோன்னு முறைச்சிட்டிருந்தீங்க."

"அப்ப காலி வண்டின்னு சொல்லு!"

முகம் மலர்ந்துவிட்டது. டெப்போவில் எந்த நெரிசலுக்கும் அவரிடம் ஒரே மருந்துதான். திரும்பி வரும் காலி வண்டிகளைக் கேன்சல் செய்வார். இப்போதும் செய்தார்: 'மேல்நோக்கிய நடைகள் அனைத்தும் மறு உத்தரவு வரை ரத்து.'

இரண்டாம் நாள் பெருவிரல் லேசாகத் துடித்தது.

"பாத்தியா, பாத்தியா!"

"கொசு கடிச்சிருக்கும்."

அடுத்த வாரம் துடிப்பு நின்றது. பக்கத்து விரலும் படுத்தது. திங்கட்கிழமை காலை சாக்ஸில் வேறொரு கடிதம். இதில் எண், தேதி, முத்திரை எல்லாம் ஒழுங்காக இருந்தன.

'பெருவிரல் கிளையிலிருந்து பல நாட்களாகத் தகவல் ஏதும் இல்லை. ஆகவே அக்கிளை உயிருடன் இல்லை எனக் கருதி, தடத்தை நிரந்தரமாக மூட ஆவன செய்யப்படுகிறது. தலைமை அலுவலகம், முதுகுத்தண்டு.'

டைம்கீப்பர் டாக்டருக்குப் போன் செய்தார். "சும்மா ஒரு பொது அறிவுக்குக் கேக்குறேன் டாக்டர். அந்தத் திரும்புற கோஷ்டி... நிறுத்திட்டா என்ன ஆகும்?"

"ஐயோ, அது வெறும் குப்பை வண்டி இல்ல சார். 'நாங்க இங்க நல்லாருக்கோம்'னு கோடியிலேருந்து வர்ற சேதியும் அதுலதான் ஏறி வரும். சேதி வரலைன்னா செல் அந்த வாலையே கைவிட்டுடலாம்."

போனை வைத்தார். மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அவள் இரண்டு கடிதத்தையும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"மாப்பிள்ளை போனையும் இப்படித்தானே கட் பண்றீங்க, காலி வண்டின்னு."

அவர் கார்பனை எடுத்தார். ரத்தை ரத்து செய்து எழுதினார். வாழ்க்கையில் முதல்முறையாகக் கடைசி வரியில் 'வருந்துகிறேன்' என்றும் சேர்த்தார். அந்த ஒரு சொல்லுக்கு மூன்று தாள் வீணாயிற்று. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தார். சேதி முதுகுக்கு ஏற மூன்று நாள், சரக்கு இறங்க மூன்று நாள். ஞாயிற்றுக்கிழமை ஆகிவிடும். பரிசோதனையோ வியாழன்.

வியாழனன்று விரல் அசையவில்லை. படிக்கட்டு கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஞாயிறு காலை சாமான் ஏற்ற வண்டியோடு மாப்பிள்ளை வந்தார். ஆள் ஒட்டடைக் குச்சி. இருந்தும் எண்பத்தைந்து கிலோ மாமனாரை முதுகில் ஏற்றிக்கொண்டார்.

ஒரு காலை ஊன்றி, மறு காலை இறக்கி, அதை ஊன்றி, மறுபடி. பின்னால் திரும்பிப் பார்க்க முடியாததால் நாலு படிக்கு ஒருதரம் கேட்டார்: "மாமா, இருக்கீங்களா?"

முதுகில் இருப்பவன் எங்கே போவான் என்று டைம்கீப்பருக்கு எரிச்சலாக வந்தது. பேசாமல் இருந்தார். ஒவ்வொரு முறை பதில் வராதபோதும் மாப்பிள்ளையின் கால் ஒரு கணம் தயங்குவதைப் பன்னிரண்டாவது படியில்தான் கவனித்தார்.

"மாமா, இருக்கீங்களா?"

"இருக்கேன் மாப்பிள்ளை."

தயங்கிய கால் திடமாக இறங்கியது.

பத்தொன்பதாவது படியில் பெருவிரல் எழுந்தது. துடிப்பெல்லாம் இல்லை. நன்றாக, முழுசாக, டாக்டர் கேட்ட அளவுக்கு. டைம்கீப்பர் மாப்பிள்ளையின் கழுத்தைச் சுற்றியிருந்த கையைத் திருப்பி வாட்சைப் பார்த்தார். பதினொன்று பதிமூன்று.

"நில்லுங்க! விரல் தூக்கிடுச்சு!"

மாப்பிள்ளை நின்றார். முகம் சிவந்து, ஒரு கால் அந்தரத்தில். "ரொம்ப சந்தோஷம் மாமா. இப்ப மேலயா, கீழயா?"

மேலே பத்தொன்பது, கீழே பதினைந்து. விரல் ஒன்றுதான். முதுகோ மாப்பிள்ளையுடையது. டைம்கீப்பர் முப்பத்தோரு வருட அனுபவத்தையும் திரட்டி யோசித்தார்.

"கீழயே போங்க மாப்பிள்ளை. ஆனா திரும்புற டிரிப்பை மட்டும் கேன்சல் பண்ணிடாதீங்க."

"பண்ணல மாமா."

"நல்லா பேசுங்க, நடுப்படியில நின்னு," என்றாள், பின்னால் இரண்டு தலையணையும் மிக்ஸியும் சுமந்து நின்ற மனைவி. "முதல்ல வழியை விடுங்க."