விசில் ஊதாத விளையாட்டு டீச்சர்

விளையாட்டு டீச்சர் விசில் ஊதி நாலு வருஷமாச்சு. ஓட்டம் தொடங்கணுமா, கைதட்டுவாள். ஆட்டம் நிக்கணுமா, அதுக்கும் கைதட்டுதான். பிள்ளைகள் வைத்த பேர் கைதட்டு டீச்சர். அதுகளுக்கென்ன, எதுக்கும் பேர் வைக்கும்.

காரணம் அவளுக்குத்தான் தெரியும். மகன் பிரசவத்தில் ஆயுதம் போட்டு இழுத்து எடுத்த பிள்ளை. அன்றிலிருந்து தும்மினால், குதித்தால், தம் கட்டி விசில் ஊதினால் மூத்திரம் கசியும். கறுப்புப் பேண்ட், உள்ளே இரண்டு பேடு, மத்தியானம் வரை ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் கிடையாது. அதனால் அடிக்கடி நீர்க்கடுப்பு வேறு. கணவனிடம் சொன்னபோது, "பிள்ளை பெத்தா எல்லாருக்கும் இருக்கறதுதானே," என்றான். எத்தனை பிள்ளை பெத்தானோ மகராசன்! முதலில் அழுதாள். அப்புறம் அழுகையும் நின்றுபோச்சு. பல் தேய்ப்பது மாதிரி பேடு மாற்றினாள், அவ்வளவுதான்.

இந்த வருஷம் தலைமையாசிரியை கூப்பிட்டுக் கறாராகச் சொல்லிவிட்டார்.

"பெரிய போட்டி நம்ம மைதானத்துல நடக்குது. நீங்கதான் விசில் ஊதி நடத்தணும். அத்தனை கூட்டத்துல கைதட்டினா யாருக்குக் கேக்கும்? முடியலேன்னா நூலகத்துக்கு மாத்திடறேன். மூணு மாசம் டைம்."

நூலகமாம்! மைதானத்தை விட்டால் அவளுக்கென்று வேறு எதுவுமே இல்லை. அப்படியிருந்தும் அதைக் கேட்டபோது நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை. அதுதான் அவளுக்கே பயமாக இருந்தது.

வீடியோ பார்த்துப் பயிற்சி ஆரம்பித்தாள். மூத்திரத்தை அடக்குவது போல இறுக்கி, பத்து எண்ணி, விடணும். பயிற்சியென்றால் அவளுக்குச் சொல்லித் தரணுமா? பஸ்ஸில், அடுப்படியில், நின்ற இடத்தில், நடந்த இடத்தில், ஒரு நாளைக்கு முந்நூறு தடவை. கசிவு மட்டும் குறைவேனா என்றது. ஒழுங்காகச் செய்யவில்லை போலிருக்கு என்று தன்னையே திட்டிக்கொண்டு நானூறாக்கினாள்.

கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது பிசியோதெரபி அம்மாவிடம் போனாள். அவர் விஷயத்தை விளக்கி, சம்மதம் கேட்டு, கையுறை மாட்டிய விரலை உள்ளே வைத்துப் பார்த்தார்.

"இப்ப இறுக்குங்க."

இறுக்கினாள். நெற்றி வேர்த்துக் கொட்டியது.

"ம், ஆரம்பிக்கலாம்மா."

"ஆரம்பிச்சு ரொம்ப நேரமாச்சுங்க."

பிசியோதெரபி அம்மா விரலை எடுத்தார். கையுறையைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இடுப்புக்கு அடியில இடது பக்கத் தசை எலும்பை விட்டே பிஞ்சு போன மாதிரி தெரியுது. பிரசவத்துல நடந்திருக்கும். ஸ்கேன் எடுத்து உறுதி பண்ணிக்கலாம். உங்க மேல தப்பே இல்ல. நீங்க தலைகீழா நின்னாலும் அந்தப் பக்கம் இறுகாது."

"விசில் ஊதலாமா?"

"ஊதலாம். நனையும். வலது பக்கத்தைப் பழக்கி, தாங்கிப் பிடிக்க உள்ளே ஒரு வளையம் வெச்சா கொஞ்சம் குறையும். முழுசா சரியாயிடும்னு பொய் சொல்ல மாட்டேன்."

மறுநாள் காலை தலைமையாசிரியை முன்னால் நின்று, வருகைப் பதிவு வாசிக்கிற குரலில் சொன்னாள். "விசில் ஊதினா எனக்கு மூத்திரம் போயிடும் மேடம். பிரசவத்துல தசை கிழிஞ்சிருக்கு. பட்டனை அமுக்கினா சத்தம் வர்ற விசில் ஒண்ணு வாங்கிக் குடுங்க. மைதானத்தை நான் பாத்துக்கறேன்."

அப்படியொரு விசில் இருப்பது அவளுக்கு நாலு வருஷமாகவே தெரியும். வேணும் என்றால் எதுக்கு என்று கேட்பார்களே!

வெட்கம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

தலைமையாசிரியைதான் நெளிந்தார். சாமான் வாங்குவதற்கான விண்ணப்பத்தை எடுத்து நீட்டினார். "வாங்கிடலாம். நீங்களே நடத்துங்க. ஆனா காரணம்னு இதையா எழுதறது? ஆபீஸ்ல நாலு பேர் படிப்பாங்க. தொண்டைவலின்னு போட்டுடுங்களேன்."

"தொண்டை நல்லாத்தான் இருக்கு மேடம்."

பேனாவை வாங்கி, காரணம் என்ற கட்டத்தில், 'பிரசவத்தில் இடுப்புத் தசை கிழிந்துவிட்டது, ஊதினால் சிறுநீர் போகிறது' என்று கொட்டை எழுத்தில் எழுதினாள்.