மூன்றாவது மாடித் திருப்பத்தில்

நிலநடுக்கம் என்பது டீச்சருக்குப் பாடப் புத்தகத்தில் ஒன்பதாவது பாடம், அவ்வளவுதான். டியூஷனுக்கு வரும் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் அதை நடத்தும்போது, "இதெல்லாம் நம்ம பக்கம் வராது, பயப்படாதீங்க" என்று சொந்தமாக ஒரு வரி சேர்த்துக்கொள்வாள். அதனால் அந்த வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குச் சமையலறைத் தரை காலுக்கடியில் நழுவியபோது, அவளுக்கு முதலில் தோன்றியது 'போச்சு, ரத்தம் குறைஞ்சுடுச்சு' என்பதுதான்.

அப்படி நினைத்ததில் தப்பு ஒன்றுமில்லை. போன மாதம்தான் டாக்டர் அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். வாங்கி அலமாரியில் வைத்தாள், அதோடு மறந்தாள். புருஷனுக்கு வேளை தவறாமல் மாத்திரை கொடுக்கிறவளுக்குத் தன் மாத்திரை எங்கே நினைவிருக்கப் போகிறது? மேடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, 'இப்ப நான் விழுந்தா யார் தூக்கறது, பன்னெண்டு மணிக்கு அவரை யார் திருப்பிப் படுக்க வைக்கறது' என்று யோசித்தாள். பிறகுதான் வாளியைப் பார்த்தாள். தண்ணீர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தளும்பித் தரையில் கொட்டிக்கொண்டிருந்தது. அவளுக்குத் தலை சுற்றினால் வாளிக்கு என்ன வந்தது?

"ஐயோ, பூமி ஆடுது! எல்லாரும் கீழே ஓடுங்க!" என்று எதிர்வீட்டுத் தையல்காரம்மா மாடிப்படியில் அலறினாள்.

டீச்சர் ஓடினாள். யோசித்து ஓடினாள் என்று யாரும் சொல்ல முடியாது. கால்தான் ஓடியது, அவள் கூடப் போனாள். கையில் கரண்டி. நான்காவது மாடியிலிருந்து மூன்றாவது மாடித் திருப்பத்துக்கு வந்தபோது கால் கொஞ்சம் தயங்கியது. உள்ளறையில் காற்றுப் படுக்கையில் மல்லாந்து கிடக்கிற மனிதர் நினைவுக்கு வந்தார். பளிச்சென்று, முகத்தோடு வந்தார். சுவரிலிருந்து சுண்ணாம்புத் தூள் அவள் தோளில் கொட்டியது. மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள், கீழேயே இறங்கினாள்.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு, அவளை நல்லவளாக்கப் பார்த்தேன் என்று என் மேல் பழி வேண்டாம்.

கீழே தெருவே கூடிவிட்டது. ஆட்டம் எட்டு வினாடியோ பத்து வினாடியோ, நின்றுவிட்டது. அதைப் பற்றிய பேச்சுதான் நிற்கவே மாட்டேன் என்றது. முதல் மாடி வங்கிக்காரர் தலை நிறைய சோப்பு நுரையோடு துண்டைக் கட்டிக்கொண்டு நின்றார். புதுசாகக் கல்யாணமான பெண் ஒருத்தி டிவி ரிமோட்டை நெஞ்சோடு அணைத்திருந்தாள். "நகை எல்லாம் மேலே கிடக்குது, இதையாடி எடுத்துட்டு வந்தே?" என்று மாமியார் கேட்க, அந்தப் பெண் ரிமோட்டைப் பார்த்துப் பார்த்து அழுதாள். ஆளுக்கு ஒரு கதை. ஒருத்தர் கீழே பெரிய லாரி போகிறது என்று நினைத்தாராம். தையல்காரம்மா தன் மெஷின் மோட்டார்தான் கெட்டுப்போய் உதறுகிறது என்று பிளக்கைப் பிடுங்கினாளாம். பிடுங்கின பிறகும் மெஷின் ஆடவே, பேயென்றே முடிவு கட்டிவிட்டாளாம்.

கட்டடச் சங்கத்தின் செயலாளர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். வேலையை விட்டாரே தவிர விசிலை விடவில்லை. எல்லோரையும் வெளியே தள்ளி, மெயின் ஸ்விட்சை அணைத்து, கேட்டைச் சாத்திவிட்டு ஒரு ஊது ஊதினார். "யாரும் மேலே ஏறக்கூடாது. இன்னொரு ஆட்டம் வந்தாலும் வரலாம்னு செய்தியில சொல்றான். ஒரு மணி நேரம் எல்லாரும் ரோட்டுலதான். உள்ளே யாராவது மாட்டிக்கிட்டு இருக்காங்களா?"

வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு வந்தார். டீச்சர் முறை வந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் தையல்காரம்மா முந்திக்கொண்டாள்.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை, அண்ணே. வாராவாரம் வர்ற ஆஸ்பத்திரி வண்டி பத்தரைக்கே வந்து லைன்மேன் அண்ணனைக் கூட்டிட்டுப் போயிருக்கும். நல்ல நேரம் பாருங்க! இல்லேன்னா டீச்சர் கதி என்ன ஆயிருக்கும்?"

வண்டி வரவில்லை. ரிப்பேர் என்று டிரைவர் காலையிலேயே போன் செய்திருந்தார்.

"அப்படித்தானே, டீச்சரம்மா?" என்றார் கண்டக்டர்.

"ம்" என்றாள் டீச்சர்.

ஒரே ஒரு 'ம்'. அதில் நாலாவது மாடி வீடு காலியாகிவிட்டது. கண்டக்டர் அடுத்த வீட்டுக்காரரிடம் போய்விட்டார்.

டீச்சர் தெருவோரக் கட்டைச் சுவரில் போய் உட்கார்ந்தாள். ஆறு வருஷத்துக்கு முன்பு மின்கம்பத்திலிருந்து விழுந்த நாளிலிருந்து அவள் புருஷன் லைன்மேனுக்கு இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லையென்றால் முதுகு புண்ணாகிவிடும். சிறுநீர்ப் பையைக் காலி செய்ய வேண்டும். ராத்திரியும் அலாரம் வைத்து எழுந்திருக்க வேண்டும். நடுவில் டியூஷன், சமையல், துணி. அவர் வாயிலோ தினமும் ஒரே பாட்டு: "எமனுக்கு நம்ம வீட்டு விலாசம் கிடைக்கலை போல. வந்தா நான் ரெடி. உனக்கும் விடுதலை, எனக்கும் விடுதலை." முதல் வருஷம் அதைக் கேட்டு அழுதாள். அடுத்த வருஷம் சண்டை போட்டாள். இப்போதெல்லாம், "அந்தப் பக்கம் திரும்புங்க" என்பதோடு விட்டுவிடுவாள்.

சுவரில் உட்கார்ந்ததும் கழுத்தில் காற்று பட்டது. யாரும் அவளைக் கூப்பிடவில்லை. எதையும் எடுத்து வைக்க வேண்டியதில்லை, எதையும் பிழிய வேண்டியதில்லை. பகலில் சும்மா உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று! கொடுமை என்னவென்றால், அது நன்றாக இருந்தது. ஐந்து நிமிஷம் இருக்கும். அந்த ஐந்து நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உடம்பு கூசும்.

"இந்தாங்க டீச்சர், ஒரு வாய் தண்ணி குடிங்க. முகமே செத்துக் கிடக்கு" என்று தையல்காரம்மா பாட்டிலை நீட்டினாள். "பாழாப்போன கரண்டையும் அணைச்சுட்டாரு மனுஷன். தைக்கக் கொடுத்தவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

டீச்சர் பாட்டிலை வாயிலிருந்து எடுத்தாள். கரண்ட் இல்லையென்றால் காற்றுப் படுக்கையின் மோட்டார் ஓடாது. மோட்டார் ஓடாவிட்டால் அரை மணியில் படுக்கை சப்பிப்போய்ப் பலகையாகிவிடும். அவருக்கு முதுகின் அடியில் ஏற்கெனவே ஒரு புண் இருக்கிறது. அது போகட்டும், கட்டிலை ஒட்டி ஓர் இரும்பு பீரோ நிற்கிறதே, இன்னோர் ஆட்டம் வந்தால் அது எந்தப் பக்கம் சாயும்?

எழுந்து கேட்டுக்குப் போனாள். "அண்ணே, ஒரு நிமிஷம் மேலே போயிட்டு வந்துடறேன்."

"எதுக்கு?"

"மருந்து எடுக்கணும்."

"உயிரை விட மருந்து பெருசா? போய் உக்காருங்க."

"அடுப்பை அணைச்சேனான்னு ஞாபகம் இல்லை, அண்ணே."

"கேஸ் குழாயைக் கீழேயே மூடிட்டேன். முப்பது வருஷம் பஸ்ல ஜனங்களை ஏத்தி இறக்கினவன்மா நான். படிக்கட்டுல ஒருத்தரைத் தொங்க விட்டதில்லை" என்று கண்டக்டர் பெருமையாகச் சிரித்தார்.

பொய்க்கு மேல் பொய் அடுக்கிப் பார்த்தாள்; ஒன்றும் நிற்கவில்லை. உண்மையைச் சொன்னால் கேட் திறக்கும். சொன்ன பிறகு இந்தத் தெருவில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நடப்பது? 'கொடுத்து வெச்ச மனுஷன், டீச்சர் தெய்வம் மாதிரி பார்த்துக்கறாங்க' என்று ஆறு வருஷமாகச் சொல்கிற வாய்கள்தானே இவை? இத்தனை பாடுபட்டு அவள் சம்பாதித்தது அந்தப் பெயர் ஒன்றுதான். அதையும் இந்த நடுத்தெருவில் போட்டு உடைக்க வேண்டுமா? தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டாள்.

"அவர் மேலேதான் இருக்கார். இன்னிக்கு வண்டி வரலை. நான் அவரை விட்டுட்டு ஓடி வந்துட்டேன்."

கண்டக்டர் வாயிலிருந்து விசில் நழுவிக் கயிற்றில் தொங்கியது. தையல்காரம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்புறம் ஏன் 'ம்'னு சொன்னீங்க?" என்று கேட்ட ரிமோட் பெண்ணை மாமியார் கிள்ளினாள். டீச்சர் திட்டுக்குக் காத்திருந்தாள். யாரும் திட்டவில்லை. கட்டடத்தை அண்ணாந்து பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அப்புறம் தரையைப் பார்த்தார்கள். "தீயணைப்பு வண்டிக்குச் சொல்லிப் பார்க்கலாமா?" என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது. வங்கிக்காரர் துண்டை அவிழ்த்து இறுக்கிக் கட்டினார், நின்ற இடத்திலேயே நின்றார்.

ஓடி வந்த கால் அவ்வளவு சுலபத்தில் திரும்பி ஏறாது. அது டீச்சருக்குத் தெரியாதா? அவர்கள் மேல் கோபம்கூட வரவில்லை. கண்டக்டர் கேட்டைத் திறந்து விட்டார். அவள் கரண்டியைத் தையல்காரம்மா கையில் கொடுத்துவிட்டுப் படியேறினாள்.

ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று நான்கு மாடியும் ஏறினாள். எங்கோ ஒரு கதவு காற்றில் அடித்தால்கூட, வந்துவிட்டது அடுத்த ஆட்டம் என்று கைப்பிடியைக் கட்டிக்கொண்டாள். வீட்டுக் கதவு அவள் விட்டுப்போன மாதிரியே ஆவென்று திறந்து கிடந்தது.

உள்ளே இரண்டு அடி வைத்தவள் நின்றுவிட்டாள். லைன்மேன் கூடத்தின் நடுவில், தரையில் குப்புறக் கிடந்தார்.

கட்டிலிலிருந்து அங்கே பத்தடி. போர்வை காலில் சுற்றிக்கொண்டு கூடவே வந்திருந்தது. சிறுநீர்ப் பையும் குழாயோடு பின்னாலேயே இழுபட்டு வந்திருந்தது. டீச்சர் முதலில் குழாயைத்தான் பார்த்தாள். நல்ல வேளை, பிடுங்கிக்கொள்ளவில்லை. அவர் முழங்கைகள் இரண்டும் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது.

"விழுந்துட்டீங்களா?" என்றாள்.

"இறங்கினேன்" என்றார். மூச்சு வாங்கியது. "விழுந்துதான் இறங்கினேன்."

அவரைத் திருப்பப் பார்த்தாள். முடியவில்லை. தலைக்கு ஒரு தலையணையைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"மூணாவது மாடித் திருப்பத்துல உங்க ஞாபகம் வந்துச்சு. அப்பவும் நான் நிக்கலை. கீழே போய், நீங்க ஆஸ்பத்திரில இருக்கீங்கன்னு எல்லார் முன்னாடியும் 'ம்' போட்டேன். திட்டறதுன்னா திட்டுங்க."

"திட்டியாச்சு. நீ தடதடன்னு இறங்கினியே, அப்பவே. அதுல நல்ல வார்த்தைன்னு ஒண்ணும் கிடையாது."

டீச்சர் அவர் காலில் சுற்றியிருந்த போர்வையைப் பிரித்து எடுத்தாள்.

"அப்புறம் பீரோ கதவு தானாத் திறந்துச்சு" என்றார் அவர், முகத்தைத் தலையணையிலிருந்து எடுக்காமலே. "அவ்வளவுதான். நானும் ஓடிட்டேன்."

"ஓடினீங்களா?"

"பத்தடி. உன்னைத் தேடிக்கிட்டு வந்தேன்னு நினைச்சுடாதே. உன் ஞாபகமே வரலை. கதவு எங்கே, கதவு எங்கே, அது ஒண்ணுதான் மண்டையில." குரல் உடைந்தது. "தினமும் எமனை வா வான்னு கூப்பிட்டவன். அவன் வர்ற மாதிரி இருந்ததும் பாரு என் லட்சணத்தை. வெக்கமா இருக்கு டீச்சர்."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. இந்த நேரத்தில் சிரிக்கலாமா என்று உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். அவர் முதலில் முறைத்தார், அப்புறம் அவருக்கும் தாங்கவில்லை.

"அகப்பட்டவனுக்கு அஷ்டமத்துல சனி, ஓடிப்போனவனுக்கு ஒன்பதுல குருன்னு சொல்வாங்க" என்றார். "நான் ஓடியும் போனேன், அகப்பட்டும் கிடக்கேன். எனக்கு எந்தக் கிரகம்னே தெரியலை."

அதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. சாகக் காத்திருக்கிற ஒருவரைத்தான் இத்தனை வருஷமும் குளிப்பாட்டித் துடைத்து வருகிறோம் என்று அவள் நினைத்திருந்தாள். அந்த நினைப்பே அவளைப் பாதி தின்றுவிட்டது. இந்த மனுஷனுக்கோ முழங்கை தேய்கிற அளவுக்கு உயிர் மேல் ஆசை. அட, அதை வாயைத் திறந்து ஒரு நாளாவது சொல்லியிருக்கக் கூடாதா? அவளுக்குக் கோபமும் வந்தது, சந்தோஷமும் வந்தது, எல்லாவற்றுக்கும் மேலே அசதி வந்தது. அப்படியே அவர் பக்கத்தில் வெறுந்தரையில் சாய்ந்தாள். அவர் பக்கத்தில் படுத்தே ஆறு வருஷமாயிற்று. காற்றுப் படுக்கையில் ஒரு ஆளுக்குத்தான் இடம்.

கீழே விசில் கேட்டது. கொஞ்ச நேரத்தில் படியில் காலடிச் சத்தம். ஒருவர் இருவர் இல்லை, நாலைந்து பேர். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று சுவரில் இடித்துக்கொண்டே வந்தது. "மெதுவாங்க, மெதுவா, என் துண்டு!" என்று வங்கிக்காரர் கத்துவது காதில் விழுந்தது.

டீச்சர் அவசரமாகத் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு எழப் பார்த்தாள். லைன்மேன் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். கம்பம் ஏறின கை, பிடித்தால் பிடித்ததுதான்.

"எங்கே ஓடறே?"

"வர்றாங்க. எழுந்திருக்க வேண்டாமா?"

"இப்பதான் முதல் மாடில இருக்காங்க. அவங்க வர்ற வரைக்கும் படு."

டீச்சர் படுத்தாள். கண்ணையும் மூடிக்கொண்டாள்.