சிலுப்பாத கார்

ஒரு சக்கரத்துக்கு எழுபது கம்பி. ஐந்து நாளாக நாலு சக்கரத்தையும் காஸ்டிக் சோடாத் தண்ணீரில் ஊறப்போட்டு, கம்பி கம்பியாக உப்புத்தாளால் தேய்த்து, பழைய பச்சைப் பெயிண்டை உரித்து முடித்திருந்தேன். என் கைத் தோலும் பாதி உரிந்துவிட்டது. அப்போதுதான் வந்து கேட்கிறார் நாச்சிமுத்து.

“ஏனுங்க மேஸ்திரி, பெயிண்ட் அடிக்கறதுக்குக் காருகிட்ட உத்தரவு கேட்டீங்களா?”

அவர் ஆட்டையாம்பட்டிப் பக்கம் பெரிய விவசாயி; அவருடைய பழங்காலத்துக் காருக்கு அவர் வீட்டு வாசலிலேயே வேலை நடந்தது. நான் சேலத்தில் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் கஸ்பார். வருகிற திங்கட்கிழமை என் மகள் செல்வமேரிக்குக் கல்யாணம். பெண் காரில் வந்து இறங்குவாள் என்று சம்பந்தியிடம் வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். சக்கரங்களைப் புதுசாக்கித் தந்தால் அன்றைக்குக் காரைத் தருவதாக நாச்சிமுத்து ஒப்புக்கொண்டிருந்தார். அன்று வியாழக்கிழமை.

“போன தடவ கேக்காம அடிச்சுத்தான் வேப்பமரத்துல முட்டிருச்சுங்க.”

“ஓட்டுனது யாருங்க?”

“நாந்தானுங்க. முட்டுனது காருங்க.”

அவர்கள் ஊரில் கிடா வெட்டுமுன் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். கிடா உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். சக்கரமில்லாமல் நாலு கல்மேல் நின்ற காருக்கும் அதையே செய்தார்கள். அவர் மனைவி வசந்தாமணி பானட்டில் ஒரு குடம் ஊற்றினார். கார் சும்மா நின்றது.

“இஞ்சினக் கிளப்பிவிட்டா நல்லாச் சிலுப்புமுங்க,” என்றேன்.

“அது நாம சிலுப்பறதுங்க. அதுவாச் சிலுப்போணும்.”

வெள்ளிக்கிழமையும் ஊற்றினார்கள். பாதி ஊர் கூடிவிட்டது. பானட் தலையா, டிக்கி தலையா என்று அரைநாள் விவாதம் நடந்தது. சம்பந்தி முகத்தில் எப்படி விழிப்பேன் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை காலை பதினேழாவது குடம். கோபம் தாங்காமல் மட்கார்டில் ஓங்கி ஓர் உதை விட்டேன். இத்தனை தண்ணீரில் கல்லுக்கடியில் மண் கூழாகிக் கிடந்திருக்கிறது. கார் முன்னும் பின்னும் நடுங்கி, கல்லிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்தது. முன் அச்சு வளைந்துபோயிற்று. பெண்கள் குலவையிட்டார்கள். என் உதையை யாரும் பொருட்படுத்தவில்லை.

“உத்தரவு குடுத்திருச்சுங்க,” என்றார் நாச்சிமுத்து, கண் கலங்கி. “இனி தாராளமா அடிங்க.”

அழுதுகொண்டே நாலு சக்கரத்துக்கும் வெள்ளிப் பெயிண்ட் அடித்தேன். கார் இனி ஓடாது. ஆனால் நாச்சிமுத்து சொன்ன சொல் தவறாதவர். காய்ந்த சக்கரங்களில் இரண்டைத் தன் மாட்டுவண்டியில் மாட்டச் சொல்லி, ஞாயிறு மாலையே தானே ஓட்டி வந்து சேலத்தில் என் வீட்டு வாசலில் நிறுத்தினார்.

திங்கட்கிழமை அந்த வண்டியில்தான் செல்வமேரி மாதா கோயிலில் இறங்கினாள். சம்பந்தி மாட்டைப் பார்த்தார், மின்னும் சக்கரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எனக்கு உயிரே போய்விட்டது.

பீடத்தின் முன் சாமியார் மணமக்கள் மேல் தீர்த்தம் தெளித்தார். குளிர்ந்த தண்ணீர் கழுத்தில் பட்டதும் செல்வமேரி உடம்பைச் சிலுப்பித் தலையை உதறினாள்.

கடைசி வரிசையில் நாச்சிமுத்து எழுந்து கும்பிட்டார்.

“உத்தரவு ஆயிருச்சுங்க சாமி. தாலி கட்டச் சொல்லுங்க.”

முதலில் சிரித்தது என் சம்பந்திதான்.