நாற்பத்து மூன்று பேர்

எனக்குச் சந்தேகப் புத்தி என்று என் மனைவி டோரதி சொல்வாள். இருபத்தாறு வருஷமாகச் சுகாதார அலுவலகத்தில் குப்பை கொட்டுகிறவனுக்கு வேறு என்ன புத்தி வரும்? ஒருவன் லீவு கேட்டால் சந்தேகம், கேட்காவிட்டால் அதைவிடப் பெரிய சந்தேகம். அப்படிப்பட்ட என் மேஜையில் ஜூலை மாதம் ஒரு திங்கட்கிழமை பாராளுமன்றக் கேள்வி ஒன்று வந்து விழுந்தது. ‘மிக மிக அவசரம். வியாழன் காலை பதினொரு மணிக்குள் பதில் தேவை’ என்று மேலே சிவப்பில் போட்டிருந்தது.

திருச்சி பழைய நகரத்திலும் ஸ்ரீரங்கத்திலும் குடிநீரில் சாக்கடை கலந்து நாற்பத்து மூன்று பேருக்கு மஞ்சள் காமாலை வந்திருப்பது அரசுக்குத் தெரியுமா, தெரியுமென்றால் எடுத்த நடவடிக்கை என்ன என்பது கேள்வி. கேட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் எங்கள் ஊர் பரக்கத் அலி ஹஜ்ரத். பள்ளிவாசலில் தொழ வைத்துக்கொண்டிருந்தவர், போன வருஷம்தான் மாநிலங்களவைக்குப் போனார். இன்னொருவர் வடக்கே ஏதோ ஒரு மடத்துச் சுவாமி. சாமி காரியம் பார்க்கிற இரண்டு பேருக்கும் காமாலைக் கணக்கு எதற்கு? ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். அதிலும் ஹஜ்ரத்தும் சுவாமியும் சேர்ந்து கேட்டால் உள்குத்து இல்லாமல் இருக்குமா?

என்னை உறுத்தியது அந்த எண். மூன்று வாரமாக நாங்கள் அனுப்பியது ‘நில் ரிப்போர்ட்’. அதாவது, ஒரு நோயாளிகூட இல்லை. கீழே என் கையெழுத்து. நான் பொய் எழுதவில்லை. வாராந்திரப் படிவத்தில் இருப்பது ஒரே கட்டம்: அரசு மருத்துவமனையில் படுக்கையில் சேர்க்கப்பட்டவர்கள். வந்து மருந்து வாங்கிப் போனவர்களுக்கு அதில் இடம் கிடையாது, தனியாரிடம் போனவர்களுக்கும் கிடையாது. காமாலைக்கு யார் படுக்கை கொடுக்கிறார்கள்? என் மகள் ஜென்சிக்கே அந்த மாதம் கண் மஞ்சளாகி, தில்லை நகரில் ஒரு கிளினிக்கில் நானேதான் கொண்டு போய்க் காட்டினேன். ஒன்பது வயதுப் பிள்ளை, சோற்றைக் கண்டாலே ஓங்கரித்தாள். ஆனால் கிளினிக் தனியார். ஆகவே அலுவலகத்தைப் பொறுத்தவரை என் மகளுக்குக் காமாலை இல்லை, வீட்டில் மட்டும்தான் இருந்தது.

எங்கள் அதிகாரி வைஷ்ணவி மேடம் ஸ்ரீரங்கத்துக்காரர். குரலை உயர்த்தாமலே வேர்க்க வைப்பார்.

“அற்புதசாமி சார், நாம நில்லுன்னு அனுப்பியிருக்கோம். அவங்க நாற்பத்து மூணுங்கறாங்க. இது எங்கேர்ந்து போச்சு?”

“உள்ள இருந்துதான் மேடம் போயிருக்கணும்.”

“யாரு?”

சொல்லிவிட்டேன். பஸீலா.

பஸீலா நாலு வருஷமாக ஒப்பந்தத்தில் இருக்கிறவள். கம்ப்யூட்டரில் விவரம் ஏற்றும் வேலை. இரண்டு வாரத்துக்கு முன்னால் அவள்தான் என்னிடம் வந்து நின்றாள். “சார், லேப்லேர்ந்து காமாலை ரிசல்ட் இருபத்தாறு வந்திருக்கு. நில்லுன்னே போடட்டுமா?” என்று கேட்டாள். “படிவத்துல கேட்டதை மட்டும் போடும்மா, நமக்கெதுக்கு ஊர் வம்பு” என்றேன். ஒன்றும் பேசாமல் போனாள். அந்தப் பேசாமையை நான் மறக்கவில்லை. அவள் வீடு பழைய நகரத்தில், ஹஜ்ரத்தின் பள்ளிவாசலிலிருந்து நாலு வீடு தள்ளி. ஹஜ்ரத்தும் அவளும் ஒரே ஜமாத். இதற்கு மேல் என்ன வேண்டும்? அவளுக்குத் தெரிந்தது இருபத்தாறு, கேள்வியில் இருப்பது நாற்பத்து மூன்று. மிச்சம் பதினேழை எடுப்பாக இருக்கட்டும் என்று அவளே சேர்த்திருப்பாள். சந்தேகப்படுகிறவனுக்குக் கணக்கு எப்படியும் சரியாக வந்துவிடும்.

“எழுத்துல குடுங்க,” என்றார் மேடம். “முப்பத்தொண்ணாம் தேதியோட அவங்க கான்ட்ராக்ட் முடியறது. ஃபைல் என் டேபிள்லதான் இருக்கு. பதிலும் உங்க நோட்டும் வியாழக்கிழமை சேர்ந்தே வரட்டும்.”

பஸீலாவின் கணவன் குவைத்தில் வேலை போய்த் திரும்பி எட்டு மாதமாகிறது. இரண்டு பிள்ளைகள். இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதினேன். ‘நம்பகமாகத் தெரியவருகிறது’ என்று ஆரம்பித்து ஒரு பக்கம்.

இரண்டு நாள் அவளை நோட்டம் விட்டேன். போன் வந்தால் வராந்தாவுக்குப் போகிறாள். நான் பக்கத்தில் போனால் நிமிர்ந்து பார்ப்பதில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் இதை டோரதியிடம் சொன்னபோது அவள் ஜென்சிக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்னு சும்மாவா சொன்னாங்க. காமாலை பிள்ளைக்கா உங்களுக்கான்னே தெரியல. பாவம்ங்க அந்தப் பொண்ணு,” என்றாள்.

“உனக்கென்ன அவ மேல அவ்வளவு கரிசனம்?”

டோரதி மோர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். இவளுக்கும் பஸீலாவுக்கும் பழக்கமோ என்று அதையும் சந்தேகப்பட்டேன்.

பஸீலா பற்றி எழுதிய நோட்டுக்குக் கையில் ஒரு சாட்சியும் இருந்தால் நல்லது என்று புதன்கிழமை சாயங்காலம் பள்ளிவாசலுக்குப் போனேன். மஃரிப் தொழுகை முடிகிற நேரம். வாசலில் இருபது முப்பது பெண்கள் பிள்ளைகளை இடுப்பிலும் தோளிலும் வைத்துக்கொண்டு நின்றார்கள். பொட்டு வைத்தவர்களும் இருந்தார்கள், கழுத்தில் சிலுவை போட்டவர்களும் இருந்தார்கள். தொழுதுவிட்டு வெளியே வருகிறவர்கள் ஒவ்வொரு பிள்ளையின் முகத்திலும் ஓதி ஊதிவிட்டுப் போனார்கள். எங்கள் ஊரில் இது காலம் காலமாக நடப்பதுதான். சிறு வயதில் எனக்கும் ஊதியிருக்கிறார்கள்.

ஓரத்தில் ஒரு பெஞ்சில் தாடி வைத்த ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். மதரஸாவில் பாடம் நடத்துகிற ஜைத், ஹஜ்ரத்தின் தம்பி மகன். தெரிந்த வீட்டுப் பிள்ளைக்குக் காமாலை என்று சொல்லி மெல்லப் பேச்சுக் கொடுத்தேன்.

“பேரு, வயசு, தெரு சொல்லுங்க சார், எழுதிக்கிறேன்,” என்றார்.

“ஓதறதுக்கு எதுக்குங்க தெரு?”

“இது ஹஜ்ரத் பழக்கிவிட்டது. முன்னெல்லாம் பிள்ளை பயந்திருச்சு, தூங்க மாட்டேங்குதுன்னு வருவாங்க. இந்த மாசம் வர்ற பிள்ளைங்க கண்ணெல்லாம் மஞ்சள். ஊதிட்டு, டாக்டர்கிட்டயும் காட்டுங்கம்மான்னு சொல்லி அனுப்புவோம். ஒரே தெருவுலேர்ந்து அஞ்சு பேர் வந்ததும் ஹஜ்ரத், எல்லாத்தையும் எழுதி வைங்கன்னுட்டாரு. நாற்பத்து மூணு ஆனதும் டெல்லிக்கு எடுத்துட்டுப் போயிட்டாரு.”

“அந்த வடக்கத்திச் சுவாமி?”

“அங்க ஹஜ்ரத்துக்குப் பக்கத்து வீடாம். அவங்க ஊர்லயும் இதே தண்ணி, இதே காமாலையாம். நானும் கையெழுத்துப் போடறேன்னாராம்.”

அவ்வளவுதானா? எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. “பார்க்கலாமா?” என்று நோட்டை வாங்கினேன். ஸ்ரீரங்கத்திலிருந்தே நாலு பேர் வந்திருந்தார்கள். எழுதத் தெரிந்த தாய்மார்கள் அவர்களே எழுதியிருந்தார்கள். பதினேழாவது வரியில் கண் நின்றது. ஜென்சி, வயது ஒன்பது, பாலக்கரை. டோரதியின் எழுத்து. மளிகைச் சீட்டில் இருபது வருஷமாகப் பார்க்கிற எழுத்து எனக்குத் தெரியாதா? நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து கேட்டேன்.

“ஆமா, போனேன்,” என்றாள் டோரதி. “மாதாவுக்கு நேர்ந்துகிட்டேன், ஸ்ரீரங்கத்துல கீழாநெல்லி அரைச்சு வாங்கிட்டு வந்தேன், பள்ளிவாசல்லயும் ஓதிட்டு வந்தேன். பிள்ளை வாந்தி எடுக்கறப்ப எந்தச் சாமின்னு பார்ப்பாங்களா? குழாய்த் தண்ணி நாறுதுங்கன்னு உங்ககிட்டதான் முதல்ல சொன்னேன். எங்க ஏரியால ஒண்ணும் இல்ல, வதந்தி கிளப்பாதேன்னு கத்தினீங்க. எழுதிக்கிறேன்னு சொன்னவங்ககிட்ட எழுதிக் குடுத்தேன்.”

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. கோபம் யார் மேல் என்று தெரியவில்லை, கடைசியில் என் மேல்தான் என்று ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு மேடம் முன்னால் நின்றேன்.

“பஸீலா பத்தின நோட்டு?”

“கிழிச்சிட்டேன் மேடம். பஸீலா சொல்லல. இருபத்தாறு தெரிஞ்சவங்க நாற்பத்து மூணு எப்படிச் சொல்ல முடியும்? பள்ளிவாசல்ல ஓத வந்த பிள்ளைங்களை எண்ணியிருக்காங்க. அதுல பதினேழாவது பேரு என் பொண்ணு. என் வீட்டம்மாதான் எழுதிக் குடுத்திருக்கா.”

மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “உங்க பொண்ணுக்குக் காமாலையா? எப்போலேர்ந்து?”

“பதினொண்ணாம் தேதி.”

“தெரிஞ்சுண்டே நில்லுன்னு கையெழுத்துப் போட்டேளா?”

“படிவத்துல…” என்று ஆரம்பித்தேன். மேடம் முடிக்க விடவில்லை.

“ஒரு நாள் அவங்கதான்னு சொல்றீங்க, இன்னொரு நாள் இல்லேங்கறீங்க. இப்போ உங்க ஆத்துக்காரிங்கறீங்க. உங்க ஆத்துலேர்ந்து போனது உங்களுக்குத் தெரியாதுன்னு நான் எப்படி நம்பறது?”

அதற்கு என்னிடம் சாட்சி இல்லை. இரண்டு நாளாகப் பஸீலாவிடமும் இருக்கவில்லை.

“நம்பாட்டி போங்க மேடம். விளக்கம் கேளுங்க, எழுதிக் குடுக்கிறேன். ஆனா இந்தத் தடவை நில்லுன்னு போட மாட்டேன். அந்தப் பள்ளிவாசல் நோட்டுல ஸ்ரீரங்கத்துப் பிள்ளைங்களும் நாலு பேர் இருக்காங்க. ரெண்டு பேர் உங்க தெரு.”

“எங்க தெருவா?” என்றார் மேடம். கண்ணாடியை மறுபடி எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு பஸீலாவின் ஃபைலை இழுத்து, புதுப்பிக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். “உங்க விளக்கம் சாயங்காலத்துக்குள்ள வரணும். பதினொரு மணிக்குப் பதில் போகணும், நாற்பத்து மூணு பேரும் பேரோட.”

ஜைத்திடமிருந்து பட்டியலைப் போனில் வரவழைத்துப் பஸீலாவிடம் கொண்டுபோனேன்.

“உன் பேரை மேடம்கிட்ட சொன்னது நான்தாம்மா. தப்பு பண்ணிட்டேன்.”

“தெரியும் சார்,” என்றாள், திரையைப் பார்த்தபடியே. “திங்கட்கிழமையிலேர்ந்து நான் உள்ள வந்தா எல்லாரும் பேச்சை நிறுத்தறாங்க. நாலு வருஷம் உங்ககூட உட்கார்ந்து வேலை பார்த்திருக்கேன். ஒரு வார்த்தை, நீயான்னு என்கிட்டயே கேட்டிருக்கலாம்ல?”

பட்டியல் இருந்த போனை அவள் பக்கத்தில் வைத்தேன். அவள் பெயர்களை ஏற்ற ஆரம்பித்தாள். பதினேழாவது வரிக்கு வந்ததும் தட்டுவது நின்றது.

“நோய் தெரிஞ்ச தேதி?”

“ஜூலை பதினொண்ணு.”

அடித்தாள். பிறகு முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“அதே வாரத்துக்கு ஒரு நில் ரிப்போர்ட் இருக்கு சார். உங்க கையெழுத்துல. அதை என்ன செய்யறது?”

மணி பத்து ஐம்பது. அதை எடுத்துவிடு என்று நான் சொல்லியிருந்தால் எடுத்திருப்பாளோ என்னவோ. நான் சொல்லவில்லை.

“ரெண்டையும் சேர்த்தே அனுப்பும்மா,” என்றேன்.