துப்பக் கூடாத நாள்

பல்வலிக்கு நேரம் காலம் ஏது? மூக்கனுக்கு அது சரியாகப் பரீட்சை அன்றைக்குக் காலையில் வந்து தொலைத்தது. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியது வேறு யாருமில்லை, பல் டாக்டரான சொந்த அக்காதான்.

"இன்னிக்கு ஒயின் கியின் குடிக்காதே, கொப்பளிக்காதே, துப்பாதே. இதைக் கடிச்சுக்கிட்டே இரு," என்று பஞ்சைத் திணித்தாள்.

அவனுக்கோ அன்று மதியம்தான் ஒயின் பரீட்சை. உணவகத்தில் தட்டு தூக்கித் தூக்கித் தோள் இறங்கிப்போனவன், ஒயின் பரிமாறும் பதவிக்காக வருஷக்கணக்கில் தவம் கிடக்கிறான். மூன்று கிளாஸில் எது ஸ்பெயின் நாட்டுச் சிவப்பு ஒயின் என்று சரியாகச் சொன்னால் பதவி அவனுக்கு. தவறினால் வெளியாள் வந்துவிடுவான். ஒயினை ருசி பார்ப்பது என்றால் என்ன? உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, வாளியில் துப்புவது. அக்கா எதையெல்லாம் வேண்டாமென்றாளோ அதுதான் பரீட்சையே.

"கிளாஸ் கழுவுற வேலைக்கு இவ்வளவு அமர்க்களமா?" என்றாள் அக்கா. பல்லைப் பிடுங்கியதைவிட அதுதான் அவனுக்கு வலித்தது.

மதியம் உணவகத்தில் முதலாளியம்மா மூன்று கிளாஸையும் வரிசையாக வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மூக்கன் முதல் கிளாஸைச் சுழற்றி முகர்ந்தான். ஜாம் பாட்டிலைத் திறந்த மாதிரி ஒரே தித்திப்பு. இல்லை. இரண்டாவதில் மிளகு நெடி தூக்கியது. இதுவும் இல்லை. மூன்றாவதில் மூக்கை விட்டதும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. புளிப்புச் செர்ரி, அதன் பின்னால் வெனிலா, அதற்கும் பின்னால் புதுத் தோல் செருப்பு! மரப் பீப்பாயில் நெடுநாள் கிடந்து வந்த ஸ்பெயின்காரன், சந்தேகமே இல்லை.

"மூணாவதும்மா," என்றான், மரத்துப்போன வாயோடு.

"குடிச்சுப் பார்க்காமயேவா? என் ஒயினை வாயில வைக்கக்கூட உனக்குக் கசக்குதா?"

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தான். வேறு வழியில்லாமல் வாயைத் திறந்து பஞ்சைக் காட்டினான். எட்டிப் பார்த்த முதலாளியம்மா நாற்காலியில் விழுந்து விழுந்து சிரித்தார்.

"கிறுக்குப் பயலே, மூக்கு மட்டுமே இவ்வளவு வேலை செய்யுதுன்னா, நாக்கும் சேர்ந்தா என் சரக்கு மிஞ்சுமா? மூணாவதுதான். நாளையிலிருந்து ஒயின் அறைச் சாவி உன்கிட்ட." அந்த மூன்றாவது ஒயின் பாட்டிலையும் அவன் கையில் கொடுத்தார்.

மூக்கன் வீட்டுக்கு நடக்கவில்லை, ஓடினான். சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. தான் குடிக்க முடியாததை அக்காவுக்கு ஊற்றினான்.

"மடக்குன்னு விழுங்காதேக்கா. மொதல்ல மோந்து பாரு."

வேண்டாவெறுப்பாக மூக்கைக் கொண்டுபோனவள் சற்று நின்றாள். மறுபடியும் முகர்ந்தாள்.

"டேய், செருப்புக் கடைக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்குடா."

அவன் அதை அவளிடம் சொல்லவே இல்லை. மூக்கனுக்குக் கண் கலங்கிவிட்டது. "அதேதான்க்கா, அதேதான்," என்றான்.

அக்கா கொஞ்சம் கொஞ்சமாக, வாய்க்குள் உருட்டி உருட்டிக் குடித்தாள். இரண்டாவது முறையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். காலி கிளாஸை எடுக்க அவன் கையை நீட்டியபோது தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நீ உக்காரு. கிளாஸ் கழுவுறது என் வேலை."