பிள்ளை பெற்றவளுக்கு வந்த ஸ்டவுட்

பிரசவத்துக்குப் பிறகு சொர்ணம்மாளுக்கு உடம்பு தேறவில்லை. பால் போதாமல் குழந்தை ஓயாமல் அழுதது. ரங்கூன் ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்த அயர்லாந்துக்கார டாக்டரம்மா, “தினமும் சாயங்காலம் ஒரு கிளாஸ் ஸ்டவுட் குடிக்கட்டும். பால் ஊற எங்கள் ஊரில் அதுதான் கொடுப்போம்” என்று தமிழ் நர்ஸ் மூலம் சொன்னாள்.

கள்ளைக்கூடத் தொட்டறியாதவள் சொர்ணம்மாள். அந்தக் கறுப்பு பீரின் முதல் மடக்கு வேப்பங்கஷாயமாகக் கசந்தது. மூன்றாவது மடக்கில் கருகிய வெல்லத்தின் ருசி தட்டியது. நாலைந்து நாளில், சாயங்காலம் எப்போது வரும் என்றிருந்தது அவளுக்கு.

வினையாக வந்தவன் அவள் புருஷன் செல்லக்கண்ணு. துறைமுகத்தில் வேலை. கப்பல் அதிகாரிகள் கிளாசைத் தூக்கி, யாராவது ஒருவர் பேரைச் சொல்லி வாழ்த்திக் குடிப்பதை அங்கே பார்த்திருந்தான். குழந்தையைப் பார்க்க வந்த கூட்டாளி நல்லையாவுக்கு ஸ்டவுட்டை ஊற்றிக் கொடுத்து, “எழுந்து நில்லுங்க. புள்ளை நூறு வயசு இருக்கணும்!” என்றான். மறுநாள் டாக்டரம்மாவுக்காக. அதற்கு மறுநாள் அயர்லாந்துக்காக. பிறகு மாமியாருக்காக, அவள் செத்துப் பல வருஷம் ஆகிறது.

“ஏங்க, அது மருந்துங்க.”

“மரியாதைக்கு ஒரு வாய்தானே, சொர்ணம்.”

அவளுக்கு அடி வண்டல்தான் மிஞ்சியது.

ஒரு நாள் செல்லக்கண்ணுவும் நல்லையாவும் வழக்கம்போலக் கிளாசும் கையுமாக எழுந்து நின்றார்கள். உள்ளே குழந்தை வீரிட்டது. சொர்ணம்மாள் அதைத் தூக்கி வந்து புருஷன் கையில் திணித்தாள்.

“இந்தாங்க, பால் குடுங்க.”

“என்ன இது விளையாட்டு?”

“பால் ஊற மருந்து குடிச்சது நீங்க. உங்களுக்குச் சுரக்கலைன்னா நல்லையாண்ணனுக்குச் சுரந்திருக்கும், கேட்டுப் பாருங்க.”

நல்லையா வாய் வைக்காத கிளாசை அப்படியே வைத்தான். “தங்கச்சி, எனக்குக் கப்பல் வர்ற நேரம்…” என்றபடி மாடிப்படியில் தடதடவென்று இறங்கிவிட்டான்.

சொர்ணம்மாள் அந்தக் கிளாசை எடுத்தாள்.

“செத்தவங்களைக்கூட வாழ்த்தினீங்க. இதுக்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னீங்களா? இந்தக் கறுப்புத் தண்ணி நல்லா இருக்கணும். இதைக் காய்ச்சின மகராசன் நல்லா இருக்கணும்!”

நின்றபடியே, நிதானமாகக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். அதற்குப் பிறகுதான் குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் முதல் பாட்டில்கள் டிரங்குப் பெட்டியில்; சாவி அவள் இடுப்பில். குழந்தை மெல்ல மெல்லத் தேறியது. விருந்தாளிகளுக்கு வெறும் தேநீர்தான். செல்லக்கண்ணு அதையும் தூக்கிப் பிடித்து வாழ்த்துச் சொல்ல எழுந்து நிற்பான். பார்க்கும்போதெல்லாம் சொர்ணம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.